ஹரிக்கேன் பெட்டிக்குள் இருக்கும் குச்சிகள் பறக்குமா?

கேள்வியின் சுருக்கம்: வெள்ளவத்தையில் இருக்கிறோம். கனடாவிலுள்ள அண்ணா என் மகனுக்கு (வயது 12) ஹரிக்கேன் போர்விமானக் கிட் ஒன்று அனுப்பியிருக்கிறார். பால்சா மரத்தில் கட்டி, மெல்லிய தாள் ஒட்டி, இறப்பர் முறுக்கிப் பறக்கவிடும் வகை. இறக்கையின் நீளம் 42 சென்ரிமீற்றர். பெட்டிக்குள் குச்சிகளும் மெல்லிய பலகைகளும் ஒரு பெரிய வரைபடமும்தான் இருக்கின்றன, பசைகூட இல்லை. இது உண்மையில் பறக்குமா, அல்லது அலுமாரியில் வைக்கத்தானா? சாமான்களை கொழும்பில் எங்கே வாங்குவது? காலிமுகத்திடலில் விடலாமா? ரிமோட் பூட்ட முடியுமா?

பறக்கும். ஆனால் பெட்டியின் மேலே அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்து அதே மாதிரிச் செய்தால் பறக்காது. அந்தப் படத்தில் இருப்பது நாலு பூச்சுப் பெயின்ட் அடித்து, துப்பாக்கி, சக்கரம், விமானி என்று எல்லாம் ஒட்டிய காட்சிப் பொருள். அதே பெட்டிக்குள் இருக்கும் மரத்தில் பறக்கிற விமானமும் செய்யலாம். இரண்டும் வேறு வேறு வேலை, எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முதல் குச்சியை ஒட்டுவதற்கு முன்னரே மகனோடு பேசி முடிவெடுங்கள். பறக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு துண்டைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் எடை எவ்வளவு?

இது வெறும் சிக்கனப் பேச்சு இல்லை, கணக்கு இருக்கிறது. அதே இறக்கையில் விமானத்தின் எடை இருமடங்கானால், அது மிதப்பதற்கு 1.4 மடங்கு வேகமாகப் போக வேண்டும். அதற்குத் தேவையான வலு ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். முறுக்கிய இறப்பரில் அவ்வளவு மிச்சம் கிடையாது. வேகமாகப் போகும் மொடல் மோதும்போதும் பலமாக மோதும், பிறகு உடைந்த இடத்தில் பசை பூசி இன்னும் எடை ஏற்றுவீர்கள். இந்த அளவு விமானம் இறப்பரையும் சேர்த்து 25 கிராம் அளவில் முடிந்தால் நன்றாகப் பறக்கும், 40 கிராமைத் தொட்டால் எறிந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி விழும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பயனுள்ள கருவி அதுதான் என்பது என் எண்ணம்.

ஹரிக்கேன் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் போர்விமானம், கொழும்புப் பிள்ளைக்குப் பொருத்தமானதுதான். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது எதிர்த்து ஏறியவற்றில் பெரும்பாலானவை இரத்மலானையிலிருந்தும் ரேஸ்கோர்ஸ் திடலிலிருந்தும் கிளம்பிய ஹரிக்கேன்கள். இன்று கடைகளும் ரக்பி மைதானமுமாக இருக்கும் அதே ரேஸ்கோர்ஸ்தான், போர்க்காலத்தில் அங்கே ஓடுபாதை போட்டிருந்தார்கள். மகனுக்கு இதைச் சொல்லுங்கள், குச்சி வெட்டும் அலுப்புக் கொஞ்சம் குறையும்.

ஆனால் முதல் மொடலுக்கு இது சுலபமான விமானம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறக்கை உடலின் கீழே இருக்கும் விமானம் மேலே இருப்பதைவிடத் தளும்பும். போர்விமானங்களுக்கு மூக்கும் குட்டை, அதனால் எடையைச் சமப்படுத்த முன்னால் பாரம் வைக்க வேண்டிவரும். 1935 நவம்பரில் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது மதராஸ் பறப்புக் கழகத்தின் பஸ் மோத் (Puss Moth) என்ற சிறு விமானம். இறக்கை மேலே இருக்கும், நீண்டு மெலிந்த அந்த வடிவம்தான் இறப்பர் மொடலுக்கு உகந்தது. அண்ணா அடுத்த தடவை ஏதாவது அனுப்பக் கேட்டால் அந்த மாதிரி வடிவத்தைச் சொல்லுங்கள். அதுவரை கவலைப்பட வேண்டாம், அந்தக் காலப் போர்விமானங்களுக்குள் ஹரிக்கேன் பரவாயில்லை. இறக்கை தடிப்பானது, நுனிகள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், வாலும் அவ்வளவு சின்னதில்லை. அதே காலத்து இன்னொரு பிரித்தானியப் போர்விமானமான ஸ்பிட்ஃபயரைவிட இதைப் பறக்கவிடுவது எளிது.

பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு ரிஜிஃபோம் கிளைடர் செய்யச் சொல்வேன். புத்தகக் கடையில் விற்கும் மெல்லிய ரிஜிஃபோம் தாளில் இறக்கை ஒன்று, வால் ஒன்று, நடுவில் மெல்லிய குச்சி ஒன்று, மூக்கில் கொஞ்சம் கிளே. ஒரு பின்னேரம் போதும். மூக்கில் கிளேயைக் கூட்டிக் குறைத்து, வாலை மேலும் கீழும் மடித்து, என்ன செய்தால் என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். கிழமைக்கணக்கில் இழைத்த ஹரிக்கேனை வைத்து இந்தப் பாடத்தைப் படிப்பது வீண் செலவு.

சரி, சாமான்கள். வரைபடத்தை முதலில் கொமியுனிகேஷனில் கொடுத்து ஃபோட்டோகொப்பி எடுங்கள், ஏனென்றால் அசலின் மேல் வைத்துத்தான் கட்டப்போகிறீர்கள், அது பசைபட்டுக் கிழியும். கொப்பி அசலின் அளவிலேயே வந்திருக்கிறதா என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு வீதம் சுருங்கினாலும் ரிப் (இறக்கையின் குறுக்கே நிற்கும் விலாத் துண்டு) பொருந்தாது. கட்டுவதற்கு ஊசி இறங்கும் பலகை வேண்டும். சொஃப்ட் போட் துண்டு கிடைத்தால் சிறப்பு, இல்லாவிட்டால் தடித்த ரிஜிஃபோமின் மேல் காட்போட் மட்டை ஒட்டினால் போதும். வரைபடத்தின் மேல் மெல்லிய பொலித்தீன், பசை ஒட்டாமல் இருக்க. குண்டூசி, நல்ல பிளேட், சாண்ட் பேப்பர், இவை எல்லாம் புறக்கோட்டைக்குப் போகாமலே வெள்ளவத்தையில் கிடைக்கும்.

பசைக்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும். கெமிஃபிக்ஸ் மாதிரியானதை வாங்கி, கொஞ்சம் தண்ணீர் கலந்து, பல்குச்சியின் நுனியால் தொட்டு வையுங்கள். பால்சா பசையை உறிஞ்சும், ஆகவே இரண்டு முகத்திலும் மெல்லப் பூசி, ஒரு நிமிடம் விட்டுப் பிறகு சேர்த்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். மூட்டைச் சுற்றிக் குவிந்து நிற்கும் பசை பலத்தைக் கூட்டாது, எடையைத்தான் கூட்டும். சூப்பர் குளூ கெதியாக ஒட்டும், ஆனால் 12 வயதுக் கைக்கு அது வேண்டாம். பிழையாக ஒட்டினால் கழற்றவும் முடியாது. வெள்ளைப் பசையை ஈரப்படுத்திக் கழற்றலாம்.

பலகையில் துண்டுகள் லேசரால் வெட்டியிருந்தால் அதிர்ஷ்டம். அச்சால் குத்தியிருந்தால் அழுத்திப் பிரிக்காதீர்கள், ஓரம் நசிந்துவிடும். பலகையின் பின்பக்கத்தை சாண்ட் பேப்பரால் மெல்லத் தேயுங்கள், துண்டுகள் தாமாகவே கழன்று வரும். பால்சாவில் ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் எடை வித்தியாசம் நிறைய இருக்கும். எல்லாக் குச்சிகளையும் தராசில் வைத்து, கனமானவற்றை மூக்குப் பக்கத்துக்கும் மிக லேசானவற்றை வாலுக்கும் ஒதுக்குங்கள். வாலில் ஒரு கிராம் கூடினால் அதை ஈடுசெய்ய மூக்கில் 2, 3 கிராம் கிளே வைக்க வேண்டிவரும். வாலைச் சுரண்டிச் சுரண்டி லேசாக்குவதில் செலவழிக்கும் நேரம் ஒருபோதும் வீணாகாது.

உடலைப் பெரும்பாலும் பாதியாகக் கட்டச் சொல்வார்கள். மேல்முதுகையும் அடிவயிற்றையும் வரைபடத்தின் மேல் ஊசியால் நிறுத்தி, உடலுக்கு வடிவம் கொடுக்கும் அரைவட்டத் துண்டுகளான ஃபோமர்களை ஒட்டி, ஒரு பக்கத்து நீளக் குச்சிகளைப் போட்டு, காய்ந்த பின் எடுத்து மற்றப் பாதியைக் கட்டுவது. இதிலுள்ள பொறி: ஒரு பக்கத்துக் குச்சிகள் எல்லாவற்றையும் முதலில் ஒட்டிவிட்டால் அவை இழுத்து, உடல் வாழைப்பழம் போல வளைந்துவிடும். பலகையிலிருக்கும்போது நடுவிலுள்ள ஒரு குச்சியை மட்டும் ஒட்டுங்கள். எடுத்த பிறகு இடமொன்று வலமொன்றாகச் சோடியாக ஒட்டிக்கொண்டு போங்கள்.

சில வரைபடங்களில் ஒரு இறக்கை மட்டும்தான் வரைந்திருக்கும். அதன் மேல் இரண்டு தடவை கட்டினால் இரண்டும் இடப்பக்க இறக்கையாக வரும். மற்றதற்கு, கொப்பித் தாளில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள், கோடுகள் மறுபுறம் தெளிவாகத் தெரியும். குண்டூசியைக் குச்சிக்குள்ளே குத்தாமல் இரு பக்கமும் அணைத்துக் குத்த வேண்டும். ஊசி போன துளையில்தான் குச்சி முறியும்.

தாள் ஒட்டுவதற்கு முன் முழுக் கூட்டையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஒரு சின்னப் பசைத் துளி இருந்தாலும் தாளுக்கு மேலே அது பருப்போல் எழுந்து நிற்கும்.

இனி ஈரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதிய கையேடுகள் இதைப் பற்றி அதிகம் பேசாது, கொழும்பில் இதுதான் பெரிய எதிரி. கடலுக்குப் பக்கத்து வீடுகளில் தாள் இரவில் தளர்ந்து பகலில் இறுகும், பால்சா சாய்த்து வைத்த பக்கமாக வளையும். முறுகிய இறக்கையோடு எந்த மொடலும் நேராகப் பறக்காது. அதனால் தாள் ஒட்டுவதற்கு மழையில்லாத நாளைத் தெரிவு செய்யுங்கள். வீட்டில் ஏசி உள்ள அறை இருந்தால் அதற்குள்ளே வைத்துச் செய்யுங்கள், ஏசி ஈரத்தையும் இழுத்துவிடும்.

தாளுக்கு நீளவாக்கில் இழை உண்டு. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் நேராகக் கிழியும் பக்கம் இழையின் பக்கம், அது இறக்கையின் நீளத்துக்கு ஒத்துப் போக வேண்டும். வெளி ஓரங்களில் மட்டும் குளூ ஸ்டிக் பூசி, தாளைச் சுருக்கமில்லாமல் படிய வைத்தால் போதும், இழுத்து முறுக்கத் தேவையில்லை. இறுக்குவது தண்ணீரின் வேலை. சின்ன ஸ்பிரே போத்தலால் பனித்துளி அளவு தெளியுங்கள், காயும்போது தாள் தானாகச் சுருங்கி மேளத்தோலாக நிற்கும். ஆனால் காயும் முழு நேரமும் இறக்கையைப் பலகையில் ஊசியால் பிடித்து வைத்திருக்க வேண்டும், அதுவும் அடியில் சிறு குச்சிகள் கொடுத்து, கீழ்ப்பக்கத்துக்கும் காற்றுப் போகிற மாதிரி. வாலுக்கு இன்னும் கவனம். அது இலேசான சட்டம், தாள் சுருங்கும் பலத்திலேயே முறுகிவிடும்.

தண்ணீரால் இறுகிய தாள் அடுத்த மழைக்குத் திரும்பத் தளரும், அதனால் மேலே ஈரம் புகாத ஒரு பூச்சு வேண்டும். மொடல்காரர்கள் இதற்குப் பாவிப்பது டோப் என்ற லாக்கர் வகைப் பூச்சு. இங்கே ஹாட்வெயார் கடைகளில் தளபாடத்துக்கு விற்கும் நிறமற்ற என்.சி. லாக்கர் அதற்கு நெருங்கிய உறவு. அதே அளவு தின்னர் கலந்து, மென்மையான தூரிகையால் ஒரே ஒரு பூச்சு. சில துளி ஆமணக்கெண்ணெய் கலந்தால் பின்னாளில் அளவுக்கு மீறிச் சுருங்கி இறக்கையை முறுக்காது. ஈரமான நாளில் பூசினால் தாள் வெண்மையாகப் பூத்துப்போகும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், மகன் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது. இதற்கு மட்டும் ஏசி அறை வேண்டாம்.

பெயின்ட் வேண்டாம். பச்சை, மண்ணிறத் தாள்களைப் பாவித்தால் நிறம் எடையில்லாமல் வந்துவிடும். பெட்டியிலுள்ள வட்ட அடையாளங்களை மட்டும் ஒட்டட்டும். பிளாஸ்டிக் துப்பாக்கி, எக்ஸோஸ்ட் குழாய் எல்லாம் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

இறப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முறுக்கிய இறப்பரால் விமானம் ஓட்டும் யோசனை பழையது. 1871 இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் இப்படி ஒரு மொடலைப் பார்வையாளர் முன்னிலையில் 11 விநாடி பறக்கவிட்டார். பின்னால் இருந்த வாலைக் கொஞ்சம் கீழ்ச்சாய்வாக வைத்ததால் அது தானாகவே சமநிலை காத்தது. உங்கள் ஹரிக்கேனின் வால் இறக்கையோடு வரைபடத்தில் காட்டிய கோணத்தில் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம். ஆசியாவின் முதல் இறப்பர் மரங்கள் 1876 இல் நட்டது கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில், இங்கிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். அப்படியிருந்தும் மொடல்காரர்கள் விரும்பும் பட்டை இறப்பர் அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. அண்ணாவிடம் கேட்டால் ஒரு சுருள் வாங்கி அனுப்புவார், பெயர் டான் சூப்பர் ஸ்போர்ட். கிட்டோடு வரும் இறப்பர் பல வேளை பழசாக இருக்கும். இழுத்துப் பார்த்து, ஓரத்தில் வெடிப்புத் தெரிந்தால் எறிந்துவிடுங்கள். கடையில் விற்கும் மஞ்சள் இறப்பர் பான்ட்களை முடிச்சுப் போட்டுப் பாவிக்க நினைக்காதீர்கள், முடிச்சுகளில் அறும்.

இறப்பர் வளையம் முன் கொக்கிக்கும் பின் ஆணிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். அதில் பூசுவதற்குப் பாமசியில் கிடைக்கும் கிளிசரினோடு கொஞ்சம் திரவச் சவர்க்காரம் கலந்தால் சரி. வாஸ்லின், தையல் மெஷின் எண்ணெய் போன்றவை இயற்கை இறப்பரைக் கெடுக்கும். முறுக்கும்போது ஒருவர் மொடலைப் பிடிக்க, மற்றவர் இறப்பரை வெளியே மூன்று நாலு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கை டிரில்லில் கொக்கி மாட்டிச் சுற்ற வேண்டும். பாதிச் சுற்று முடியும் வரை இழுத்த இடத்திலேயே நின்று, மீதியைச் சுற்றிக்கொண்டே மெல்ல உள்ளே வாருங்கள். விரலால் புரொப்பெலரைச் சுற்றுவதைவிட நிறையச் சுற்றுகள் ஏறும். பறக்காத நாட்களில் இறப்பரைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, காற்றுப் புகாத போத்தலில் இருட்டில் வையுங்கள்.

முதல் நாளே முறுக்கிவிடாதீர்கள். வரைபடத்தில் சமநிலைப் புள்ளி குறித்திருக்கும், பெரும்பாலும் இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அகலத்தின் கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில். இறப்பரையும் போட்டுவிட்டு, இரு விரல் நுனியில் அந்த இடத்தில் தாங்கினால் மட்டமாக நிற்க வேண்டும். பிறகு புல்லுள்ள இடத்தில் தோள் உயரத்திலிருந்து, மூக்கு மிகச் சிறிது கீழ்நோக்க, பலமில்லாமல் முன்னே தள்ளிவிடுங்கள். ஏறி நின்று மூக்குக் குத்தி விழுந்தால் மூக்கில் கிளே கூட்டுங்கள். நேராகத் தரையைப் பார்த்துப் போனால் கிளேயைக் குறையுங்கள், அல்லது வாலின் பின்னோரத்தை ஒரு மில்லிமீற்றர் மேலே மடியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

மிதப்புச் சரியான பிறகு கொஞ்சம் சுற்று. புரொப்பெலர் சுழலும் எதிர்விசையால் மொடல் இடப்பக்கம் சரியப் பார்க்கும், வலு கூடும்போது மூக்கைத் தூக்கவும் பார்க்கும். மிதக்கும்போது நன்றாக இருந்து, இறப்பர் ஓடும்போது மட்டும் கெட்டால் வாலைத் தொடாதீர்கள். புரொப்பெலர் பூட்டிய மூக்குக் கட்டையின் மேற்பக்கம் மெல்லிய மட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, அச்சுச் சற்றுக் கீழே பார்க்கச் செய்யுங்கள். அப்படியே கொஞ்சம் வலப்பக்கமும். இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல்தான் பலர் நல்ல மொடலை “பறக்காது” என்று அலுமாரியில் வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து விநாடி பறந்து தானாக இறங்கினால், முதல் மொடலுக்கு அது மிக நல்ல பறப்பு.

எங்கே என்பது அடுத்தது. காலிமுகத்திடல் திறந்த இடம்தான், ஆனால் அது பட்டத்துக்கு ஏற்ற இடம், அங்கே எப்போதும் கடற்காற்று. இந்த மொடல் பறக்கும் வேகமே சைக்கிள் வேகம், காற்று அதில் பாதி வந்தாலும் சமாளிக்காது. வெள்ளவத்தைக் கடற்கரை அறவே வேண்டாம். ரயில் பாதை கரையோடு ஓடுகிறது, விழுந்த மொடலை எடுக்கப் பிள்ளை தண்டவாளத்தில் ஓடுவான். விகாரமகாதேவி பூங்காவில் மரம் அதிகம். நல்லது பள்ளிக்கூட மைதானம், அதிபரிடம் கேட்டால் சனி ஞாயிறு காலையில் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பொழுது விடிந்து எட்டு மணிக்குள் போங்கள், அதற்குப் பிறகு கடற்காற்று மெல்லத் தொடங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அந்த மாதங்களை வீட்டில் கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலைகள் அருமை. மொடலை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும்போது இறக்கை முறுகியிருக்கும்.

ரிமோட்: இந்தக் கிட்டுக்கு வேண்டாம். மோட்டார், பற்றரி, ரிசீவர், வாலை அசைக்கும் சேர்வோ எல்லாம் சேரும்போது இந்த அளவு இறக்கை தாங்கும் எடையைத் தாண்டிவிடும். எடை குறைந்த நுண்சாமான்கள் இருக்கின்றன, ஆனால் விலையும் கூட, முதல் தடவை கட்டுபவருக்கு உரியதும் இல்லை. மகனுக்கு அந்த ஆசை வந்தால் தனியாக ஒரு ஃபோம் பயிற்சி விமானம், இறக்கை மேலே உள்ளதாக, வாங்கிக் கொடுங்கள். வாங்குவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் பதிவையும் பறக்கவிடக்கூடிய இடத்தையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். கொழும்புக்குள் பாதுகாப்பு வலயங்களும், தெற்கே இரத்மலானை விமான நிலையமும் இருப்பதால், ரேடியோவால் ஓட்டும் எதையும் கேட்காமல் ஏற்ற முடியாது.